உயிருக்கு இரண்டு விலையா?



ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று போய்க்கொண்டிருந்த தோட்டத்துக் குடும்பங்கள் பல, இன்று கடன் எடுத்துக் கார் வாங்குகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் கார்க் கடையில் நாம் என்ன கேட்கிறோம்? முன்பணம் எவ்வளவு, மாதம் எவ்வளவு, என்ன நிறம், வானொலி உண்டா என்று கேட்கிறோம். "மோதினால் என் பிள்ளையைக் காக்க இந்தக் காரில் என்ன இருக்கிறது?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

கேட்கத்தான் வேண்டும். ஒரே பெயருள்ள காரையே மலிவு வகை, நடு வகை, உயர்ந்த வகை எனப் பிரித்து விற்கிறார்கள். 2016-இல் வந்த பெரோடுவா பெஸ்ஸாவைப் பாருங்கள். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஆசியான் என்கேப் அமைப்பு, வழுக்கல் தடுப்புக் கருவி உள்ள வகைக்கு ஐந்து நட்சத்திரமும், அது இல்லாத வகைக்கு நான்கும் கொடுத்தது. பெயர் ஒன்றுதான், பாதுகாப்பு ஒன்றல்ல.

அந்தக் கருவி என்ன செய்கிறது? மழை பெய்த சாலை வளைவில் கார் நாம் திருப்பிய பக்கம் போகாமல் வழுக்கினால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் பிடித்து, காரை நேர்ப்படுத்த முயல்கிறது. தோல் இருக்கைக்கும் பளபளக்கும் சக்கரத்துக்கும் கூடுதல் விலை வைக்கட்டும், அவை ஆடம்பரம். உயிர் காக்கும் கருவியையும் அதே பட்டியலில் சேர்ப்பது நியாயமா? முதலாளி காரும் தொழிலாளி காரும் ஒரே ஈரச் சாலையில்தானே ஓடுகின்றன?

வேறு வழியும் உண்டு என்பதை வரலாறு காட்டுகிறது. இன்று நாம் மார்பிலும் இடுப்பிலும் மாட்டும் இருக்கைப் பட்டையை 1959-இல் உருவாக்கியவர் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின். காப்புரிமையைத் தனக்கே பூட்டி வைக்காமல், மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வோல்வோ இடம் கொடுத்தது. அதனால்தான் மிக மலிவான காரிலும் இன்று அந்தப் பட்டை இருக்கிறது.

சட்டமும் உதவியிருக்கிறது. நம் நாட்டில் முன் இருக்கையில் பட்டை அணிவது 1979-இலும், பின் இருக்கையில் 2009-இலும் கட்டாயமானது. புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்கு வழுக்கல் தடுப்பு 2018-இல் கட்டாயமானது. சட்டம் வந்த பிறகு, அது "உயர்ந்த வகை"க்கு மட்டும் உரிய சலுகையாக இருக்க முடியாது. இனி வரும் கருவிகளுக்கும் இதுவே நாம் கேட்க வேண்டிய நியாயம்.

புதுக் கார் வாங்க வசதியில்லை, பழைய கார்தான் என்கிறீர்களா? உங்களுக்கும் சில செய்திகள் உண்டு.

முதலாவது, பின் இருக்கைப் பட்டைகளை இழுத்துப் பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். நைந்து போயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். காற்றுப்பை இருக்கிறதே என்று பட்டையை விட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு.

இரண்டாவது, டக்காட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகள் சில, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து, நம் நாட்டிலும் உயிர்களைப் பறித்துள்ளன. பழைய கார் வாங்கினால், சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கார் நிறுவனத்தின் பணிமனையில் விசாரியுங்கள். திரும்பப் பெறும் பட்டியலில் இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

மூன்றாவது, தாய்மார்களே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காராதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது மூன்று மாடி உயரம்! எந்தத் தாயின் கையும் அந்த வேகத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2020 முதல் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விபத்தில் அடிபட்ட பழைய இருக்கையை இரவலாகவும் வாங்க வேண்டாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெற்றோர் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். தனி ஆளால் முடியாததைப் பலர் சேர்ந்து சாதித்தார்கள். கார்க் கடைக்குப் போகும் ஒவ்வொருவரும், "எத்தனை நட்சத்திரம்? நான் வாங்கும் இந்த வகைக்கா, உயர்ந்த வகைக்கா?" என்று கேட்டால், விற்பவர் முதலாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். நாம் கேட்காத பொருளை எவரும் மலிவாக்கித் தரப்போவதில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம். கார் வாங்கும்போது முதலில் சுவரைப் பாருங்கள். சித்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.