ஒரு அஞ்சலட்டை, ஒரு கருத்து

வாசகர் கடிதத்துக்கு 50 பைசா அஞ்சலட்டை தாராளம். முகவரிப் பக்கத்தின் வலப்பாதி முகவரிக்கே உரியது. 1972-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடும் அங்கேதான். முதல் வரியிலேயே எந்த இதழ், எந்தக் கட்டுரை என்று சொல்லிவிட வேண்டும். "கண்டேன், களித்தேன்" என்று தொடங்கினால் பாதி அட்டை பாராட்டிலேயே தீர்ந்துவிடும்; சொல்ல வந்த விஷயம் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் நுணுக்கி ஏறும், படிப்பவர் கண்ணைப் பதம் பார்க்கும். கட்டுரையில் ஆண்டு தவறென்றால் சரியான ஆண்டைத் தர வேண்டும். "எழுதியவருக்கு வரலாறே தெரியாது" என்பது திருத்தமல்ல, வசை. தாளில் எழுதுவோர் ஒரு பக்கம் மட்டும், வரிகளுக்கிடையே இடம்விட்டு எழுதுவது நல்லது. ஆசிரியர் குழு அங்கேயே திருத்திக்கொள்ளும். புனைபெயர் போட்டாலும் உண்மைப் பெயரும் ஊரும் தனியே இருக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி