வாகனத்துக்குப் பதிவேடு உண்டு, உழைப்புக்கு?

அலுவலக வாகனத்தைச் சொந்த வேலைக்கு எடுக்கும் அரசு ஊழியரை ஓட்டப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். கடைநிலைப் பணியாளரின் உழைப்பைத் தம் வீட்டுக்குத் திருப்பும் அதிகாரியைக் காட்டிக்கொடுப்பது எது?

கொங்கை ஒட்டிய நீலகிரியில், 2020 பிப்ரவரியில், தெப்பக்காடு யானைகள் முகாமில் அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் ஒரு பழங்குடிச் சிறுவனை அழைத்துத் தம் செருப்பைக் கழற்றச் செய்தார். பேரனாக எண்ணியதாக விளக்கமளித்தார். எதிர்ப்புக்குப் பின் வருத்தம் தெரிவித்தார். அதிகாரம் யாரைக் கைக்கெட்டும் பொருளாகக் காண்கிறது என்பதை அக்காட்சி உணர்த்தியது.

காவல்துறையில் ஆர்டர்லி முறையை ஒழித்துத் தமிழக அரசு ஆணையிட்டது 1979இல். அது தொடர்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்தது 2022இல். சீருடைக் காவலருக்கே இந்நிலை எனில், கோவையின் தூய்மைப் பணியாளரான அருந்ததியர் அதிகாரியிடம் எவ்வாறு மறுப்பார்?

‘சம்பளம் வாங்குகிறாரே’ என்பர். அச்சம்பளம் தெருவைத் தூய்மையாக்க மக்கள் தந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அவ்வாறு வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொதுநோக்கில் அரசு விதிக்கும் கட்டாயப் பணிக்கு மட்டுமே அங்கு விலக்கு. அதிகாரியின் சமையலறை பொதுநோக்கமன்று.

ஆகவே, எந்தப் பணியாளர் எந்த நாளில் எங்கு அனுப்பப்பட்டார் என்ற பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் உள்ளாட்சியிடமும் கேட்போம். டீசலுக்குக் கேட்கும் கணக்கை மனிதருக்கும் கேட்பதே நம் முதல் வேலை.