எல்லா நோவுக்கும் ஃபார்மட்டே மருந்தா?

நம்மூர்ல எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் ஒரே வைத்தியம்தான் மக்களே. பொட்டி மெதுவா ஓடுதா? ஃபார்மட். அடிக்கடி தொங்குதா? ஃபார்மட். "விண்டோஸ் புதுசா போட்டா பறக்கும் சார்." (ஹாஸ்டல்ல ஊருக்கே ஃபார்மட் பண்ணிக் குடுத்துப் பேர் வாங்கினவன்தான் நானும். அது வேற விஷயம்.)

2015ல காலேஜ் சேர்ந்தப்ப வாங்கின லேப்டாப் இப்ப பாளையங்கோட்டையில அப்பாகிட்ட இருக்கு. ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுதுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனவர் அங்கேர்ந்தே போன் பண்ணினார். "தம்பி, ஃபார்மட் பண்ணணும்ங்காவ. டி டிரைவ்ல இருக்கது போவாதாம். பண்ணச் சொல்லவா?" ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. "சரிப்பா"ன்னுட்டேன். ஆறு வருஷமா பொட்டி தட்டிச் சோறு திங்கிறவன்!

சாயங்காலம்தான் உறைச்சுது. ஆச்சி பேசினதை 2018 பொங்கல் லீவுல போன்ல பதிஞ்சு வச்சிருந்தேன். மொத்தம் 14 ஆடியோ. ஆச்சி இப்ப இல்ல. அந்த டி டிரைவைத் தவிர வேற எங்கயும் காப்பியும் இல்ல.

கடைக்கு அடிச்சா, விண்டோஸ் பாதி ஏறும்போதே நின்னுருச்சாம், டிஸ்க்ல டக் டக்னு சத்தமாம். "அண்ணே, ஆஃப் பண்ணி வச்சிருங்க, ஒண்ணும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன்.

இந்த "டி டிரைவ் பத்திரம்"ங்கிற நம்பிக்கையை யார் கிளப்பி விட்டாங்களோ தெரியல. சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்ல போட்ட ரெண்டு பாத்தி. தட்டும் ஒண்ணு, படிக்கிற முள்ளும் ஒண்ணு. சாகக் கிடக்கிற டிஸ்க்ல விண்டோஸ் போடுறது, நெஞ்சுவலிக்காரரை மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி.

இதுல வேடிக்கை, ஃபார்மட் பல நேரம் வேலை செஞ்ச மாதிரியே தெரியும். கெட்டுப்போன செக்டார் மேல திரும்ப எழுதும்போது, டிஸ்க் தானே அதை ஒதுக்கிட்டு உபரி இடத்தைக் குடுத்துரும். கொஞ்ச நாள் நல்லா ஓடும். கடைக்காரர் கைராசிக்காரர் ஆயிடுவார். சீக்கு அப்படியே உள்ள இருக்கும்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. ஃபார்மட்டுக்கு முன்னாடி அதைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. மஞ்சளோ சிவப்போ காட்டினா முதல்ல டேட்டாவை எடுக்கணும், மத்ததெல்லாம் அப்புறம். எந்தக் கடையும் இதைப் பார்க்காம ஃபார்மட்டுல கை வைக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. கேட்காம தலையாட்டின என்னை மாதிரி ஆளுங்களுக்கும் அதே திட்டு உண்டு.

சத்தம் வர்ற டிஸ்க்கை நியாயமா டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்டதான் குடுக்கணும். நான் துணிஞ்சு லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். அது முதல்ல சுலபமா படிக்க முடிஞ்சதை எல்லாம் வேற டிஸ்க்குக்கு அள்ளிரும், அடம்பிடிக்கிற இடத்தைக் குறிச்சு வச்சுட்டுக் கடைசியில திரும்பி வரும். மூணு நாலு மணி நேர வேலை, ரெண்டு ராத்திரி ஓடுச்சு. அப்பா நடுராத்திரி எழுந்து வந்து "எத்தனை சதவீதம்ல?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

14ல 11 கிடைச்சது. தாத்தா கொழும்புக்குப் போன கதை போயே போச்சு.

பழைய டிஸ்க் இருந்த இடத்துல எஸ்எஸ்டி போட்டாச்சு. நாலு ஸ்குரூ, பத்து நிமிஷம். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய பிராசசரைச் சேர்த்துக்காது. அதனால லினக்ஸ் மின்ட். அரை நிமிஷத்துல ஆன் ஆகுது. ஆடியோ எல்லாம் இப்ப என்கிட்ட ஒண்ணு, அக்காகிட்ட ஒண்ணு.

அப்பாவுக்கு யூட்யூப் வந்ததுல திருப்திதான். ஆனா ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி, "எல்லாம் சரி, இதுல டி டிரைவ் எங்கல இருக்கு?"ங்கிறார்.