கப்பல் நிற்பது வடக்கே, பஸ் போவது தெற்கே

சென்னைத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வந்தால் பேப்பரில் படம் போடுகிறார்கள். மாலை, பொட்டு, நாதஸ்வரம் எல்லாம் உண்டு. வந்தவர்களுக்குக் கரையில் ஒரே ஒரு பகல்தான். பஸ்கள் துறைமுக வாசலைத் தாண்டியதும் தெற்கே திரும்பிவிடுகின்றன. கோட்டை, மெரினா, சாந்தோம், கபாலீசுவரர் கோவில், இல்லையென்றால் மாமல்லபுரம். மாலையில் கப்பல்.

வடக்கே திரும்பிய ஒரு டூரிஸ்ட் பஸ்ஸை ராயபுரவாசியான நான் இதுவரை பார்த்ததில்லை. ஏன் திரும்பக் கூடாது?

"அங்கே என்ன சார் இருக்கு?" என்பார்கள். சொல்கிறேன்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் நடுக்கடலில்தான் நிற்கும். பயணிகளை மசூலா படகில் ஏற்றி அலைகளுக்கு நடுவே கரை சேர்த்தவர்கள் நம் படகோட்டிகள். அந்தச் சமூகம் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இங்கேதான் இருக்கிறது. கப்பலில் வருகிறவன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தானே? 1910-ல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோவில் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று கதை சொல்லலாம். காசிமேடு இருக்கிறது. பத்துக் கிலோமீட்டருக்குள் திருவொற்றியூர், சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம். அங்கேயே கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கப்பல் வழியில் ஒரு துறையில் தங்குவதை அந்த மொழியில் 'எஸ்கால்' என்பார்கள். ஏணி என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது அது. ஏணியை எந்த மண்ணில் இறக்குகிறாயோ அதுதான் எஸ்கால். நம் ஆட்கள் ஏணியை இங்கே இறக்கிவிட்டு, ஊரை அறுபது கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறார்கள்.

நார்வேயின் பெர்கன் நகரில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் நடந்தே போய்ப் பார்க்கும் இடம் பிரிக்கன். பழைய மரக் கட்டடங்கள், கருவாட்டு வியாபாரம் நடந்த கிடங்குகள். 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. பக்கத்திலேயே மீன் சந்தை, அதுவும் பார்க்கும் இடம்தான். அங்கே மீன் பெருமை. காசிமேட்டு மீன் மட்டும் நாற்றமா?

மெரினாவைப் பெருமையாகக் காட்டுகிறீர்களே, அந்த மணல் யாருடையது? நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பத் தொடங்கியதும் அது வழியில் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. இப்படித்தான் மெரினா அகலமானது. எங்களுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாறாங்கல் கொட்டி வைத்திருப்பது அதனால்தான். பிறகு நிலக்கரித் தூசி. 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அது போன இடமும் எண்ணூர்தான். 2017-ல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஆட்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. துறைமுகத்தின் பாரம் வடக்குக்கு, விருந்தாளி தெற்குக்கு என்பது என்ன நியாயம்?

"வறுமையை வெள்ளைக்காரனுக்குக் காட்டி மானத்தை வாங்கணுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். குடிசைக்குள் கேமராவோடு நுழையச் சொல்லவில்லை ஐயா. எண்ணூர் மின்சாரமும் மணலி பெட்ரோலும் மானக்கேடு இல்லை, அவற்றைத் தரும் ஊர் மட்டும் மானக்கேடா?

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் ஒன்று தெரியும். யாரும் கேட்காத கோப்பு கட்டின் அடியில் போய்விடும். ஊரும் அப்படித்தான். விருந்தாளி வரும் தெருவில் குப்பை அள்ளுகிறார்கள், கழிப்பறை கட்டுகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள். வராத தெருவுக்கு மனு மேல் மனு போட வேண்டியிருக்கிறது.

சுற்றுலாத் துறையும் துறைமுக நிர்வாகமும் அடுத்த சீசனில் ஒரே ஒரு பஸ்ஸை, இரண்டே மணி நேரம், வடக்கே திருப்பட்டும். கைடு வேலைக்குப் படித்த பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நானே வருகிறேன், எனக்குப் பென்ஷன் போதும்.