கனடாத் தமிழரின் ஒப்போலை எக்கட்சிக்கு?

தேர்தல் என்றதும் திருவேங்கடத்துத் தமிழன் முதலில் கேட்பது, 'யார் யாரோடு கூட்டு?' என்பதே. 2024 ஏப்பிரல் 19-இல் தென்காசித் தனித்தொகுதியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், தமக்கெனத் தனிக்கட்சி நடத்தும் தலைவர் இருவர் நின்றனர். ஒருவர் இரட்டை இலையில் நின்றார். மற்றவர் தாமரையில் நின்றார். தம் கட்சிச் சின்னத்தைக் காட்டி ஒப்போலை கேட்க இருவர்க்கும் வாய்க்கவில்லை. வென்றது எழுகதிர்ச் சின்னம். அவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது தீப்பெட்டி வேலை. கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 விழுக்காடும் எந்திரத்தில் செய்ததற்கு 18 விழுக்காடுமாக இருந்த வரி, 2020 ஏப்பிரலில் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்றாயிற்று. கைத்தொழிலாளிக்கு இருந்த சலுகை போயிற்று. நாடாளுமன்றத்திற்குப் போகிறவன் இதுபற்றி என்ன பேசுவான் என்று கூட்டணிக் கணக்குப் பார்த்தவருள் எத்தனை பேர் கேட்டனர்?

இதே நோய் கடல் கடந்த தமிழரையும் பற்றியிருக்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது. கனடா நாட்டில், சிறப்பாகத் தொராண்டோ நகரின் இசுக்கார்பரோப் பகுதியில், ஈழத்தமிழர் செறிந்து வாழ்கின்றனர். ஒரு தொகுதியின் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் அளவுக்கு அவர்தம் ஒப்போலைக்கு ஆற்றலுண்டு. அதனைத் தாராளக் கட்சிக்கு அளிப்பதா, பழமைவாதக் கட்சிக்கு அளிப்பதா, புதிய குடியாட்சிக் கட்சிக்கு அளிப்பதா என்று தேர்தல்தோறும் அவர்களிடையே சொற்போர் நிகழ்கின்றது.

'தாராளக் கட்சியே தமிழர்க்குத் தாய்வீடு' என்பார் பலர். வரலாறு அவ்வளவு நேரானதன்று. 1986 ஆகத்தில், நியூபவுண்டுலாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்டனர். அவர்களைத் திருப்பியனுப்பாது நாட்டில் இருக்க விட்டவர் பிரையன் மல்ரோனி. அவர் தாராளக் கட்சியினர் அல்லர். முற்போக்குப் பழமைவாதக் கட்சித் தலைவர். அவர் கட்சியின் வழியில் வந்த பழமைவாதக் கட்சியின் ஆட்சியே 2006 ஏப்பிரலில் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் ஏற்றிற்று. 2010-இல் 'சன் சீ' கப்பலில் வந்திறங்கிய 492 ஏதிலியரைச் சிறையிலடைத்ததும் அவ்வாட்சியே. தாயின் மடியில் வந்த குழந்தைகளும் அக்கப்பலில் இருந்தனர். ஆயினும், 2013-இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்குப் போகமாட்டேன் என்று மறுத்த தலைமையமைச்சரும் அதே ஆட்சிக்குரிய இசுடீவன் ஆர்ப்பர்தாம். அன்றைய இந்தியத் தலைமையமைச்சர் தாம் போகாவிடினும், வெளியுறவு அமைச்சரை அனுப்பிவைத்தார் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க.

தாராளக் கட்சியின் கணக்கையும் பார்ப்போம். 2016-இல் சனவரித் திங்களைத் தமிழர் மரபுத் திங்களாகவும், 2022-இல் மே 18-ஐத் தமிழின அழிப்பு நினைவுநாளாகவும் கனடா நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. இரண்டும் அக்கட்சி உறுப்பினர் கரி ஆனந்தசங்கரி கொண்டுவந்தவை. 2023 சனவரியில் இராசபக்சே உடன்பிறந்தார் இருவர்மீதும் கனடா தடை விதித்தது. இவை சிறு செயல்கள் அல்ல. எனினும் ஒருமனதாக என்றால், ஏனைக் கட்சிகளும் கைதூக்கின என்பதன்றோ பொருள்? ஒன்ராரியோ மாநிலத்தில் தமிழின அழிப்புக் கல்விக் கிழமைச் சட்டத்தை 2021-இல் கொண்டுவந்த விசய் தணிகாசலமோ பழமைவாதக் கட்சியினர்.

'தமிழர் நின்றால் தமிழர்க்கே' என்பது மற்றொரு வழக்கு. கனடா நாடாளுமன்றத்துள் முதன்முதல் நுழைந்த தமிழர் இராதிகா சிற்சபையீசன். 2011-இல் புதிய குடியாட்சிக் கட்சியின் சார்பில் வென்றார். 2015-இல் தாராளக் கட்சி பெருவெற்றி பெற்றபோது அவர் தோற்றார். 2025 ஏப்பிரல் 28-இல் கரி ஆனந்தசங்கரியோடு யுவனிதா நாதனும் தாராளக் கட்சியில் வென்றார். தமிழ்ப்பெயர்கள் மன்றத்தில் ஒலிப்பது செவிக்கு இனிதே. ஆனால் கட்சிக் கட்டுப்பாடு என்னும் மூக்கணாங்கயிறு அங்கும் உண்டு.

'பிரிந்து போட்டால் வலுக் குறையும். எல்லாரும் ஒரே கட்சியில் நிற்பதே அறிவு' என்பாரும் உளர். ஒரே பக்கம் போடுவதில் வலு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஒரு தேர்தலில் ஒருங்கே போடுவது வேறு. என்றென்றைக்கும் ஒரு கட்சிக்கே எழுதிக்கொடுத்துவிடுவது வேறு. எப்படியும் வந்துசேரும் ஒப்போலைக்காக எந்தக் கட்சி வீடு தேடி வரும்? வேட்பாளர் படியேறும்போதே, பன்னாட்டுப் போர்க்குற்ற உசாவலுக்கு என் செய்வீர், ஏதிலியர் குடும்பங்களை ஒன்றுசேர்க்க என் செய்வீர், பிள்ளைகள் பள்ளியில் தமிழ் பயிலப் பொருளுதவி உண்டா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குவதே முறை. நான்காண்டு கழித்து அந்தத் தாளை எடுத்து நீட்ட வேண்டும். (வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசுவார், பள்ளித் தமிழுக்குப் பொருள் கேட்பது நகைப்புக்குரியது என்பதும் ஈண்டுச் சொல்லத்தக்கதே.)

அவ்வாறு நீட்டத்தக்க தாளில் முதல் வரியாகத் தடைப்பட்டியலை எழுதலாம். பழமைவாதக் கட்சி 2006-இல் இட்ட தடையைத் தாராளக் கட்சி 2015-இல் ஆட்சிக்கு வந்தபின் நீக்கவில்லை. 2025 மே திங்களில், அப்பட்டியலைப் பேணும் பொதுப் பாதுகாப்புத் துறைக்கே கரி ஆனந்தசங்கரி அமைச்சரானார். விடுதலைப் புலிகள் பற்றிய முடிவுகளில் தாம் ஒதுங்கிக்கொள்வதாகவும் தெரிவித்தார். அது பொறுப்புக்குரிய நேர்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த இருக்கையில் தமிழர் ஒருவர் அமர்ந்ததால், பட்டியலில் ஒரு வரியும் மாறவில்லை.