முன்னால் ஒரு பெயர், உள்ளே ஒரு எஞ்சின்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக் கொண்டிருந்தபோது, சாக்கன் பக்கம் வேலை பார்க்கும் நம் இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். புனேக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மனைவி, கைக்குழந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என்று குடும்பம் பெருகவே, கடன் வாங்கி ஒரு பழைய இண்டிகா விஸ்டா டீசல் கார் வாங்கியிருக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது, "டைமிங் பெல்ட் மாற்றும் காலம் தாண்டிவிட்டது, எட்டாயிரம் ஆகும்" என்றார்களாம்.

"சார், நீங்க டீசல் ஷெட்ல இருந்தவர். மாத்திடலாமா?" என்று கேட்டார்.

"முதலில் ஆர்.சி.யைக் காட்டுங்கள் தம்பி" என்றேன். அதில் எஞ்சின் அளவு 1248 சி.சி. என்றிருந்தது. "உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட்டே கிடையாது. உள்ளே ஓடுவது செயின்" என்றேன். அவர் முகத்தில் முதலில் சந்தோஷம், பிறகு கோபம்.

அந்த மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. குழப்பம் அந்தக் காரிலேயே இருக்கிறது. 2008ல் வந்த விஸ்டா இரண்டு வித டீசல் எஞ்சின்களோடு விற்கப்பட்டது. ஒன்று, பழைய இண்டிகாவின் 1405 சி.சி. எஞ்சினுக்கு டர்போ பூட்டிய டி.டி.ஐ. அதற்கு டைமிங் பெல்ட் உண்டு. மற்றொன்று, குவாட்ராஜெட் என்ற பெயரில் வந்த 1248 சி.சி. எஞ்சின். அதற்குச் செயின். வெளியே உடம்பு ஒன்றுதான், உயிர் வேறு. இந்த இளைஞருக்கு எட்டாயிரத்தோடு போகவிருந்தது. இதுவே தலைகீழாக, பெல்ட் உள்ள வண்டியைச் செயின் வண்டி என்று நம்பிச் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகும்? ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அது ஆயிரங்களில் முடியாது.

இந்த 1248 எஞ்சின் இத்தாலியில் ஃபியட் கம்பெனியார் வடிவமைத்து 2003ல் வெளியிட்டது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 69.6 மில்லிமீட்டர் விட்டம், 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். ஃபியட் கார்களில் இதன் பெயர் மல்ட்டிஜெட். 2007ல் மாருதி ஸ்விஃப்டில் வந்தபோது டி.டி.ஐ.எஸ். டாட்டாவில் குவாட்ராஜெட். மூன்று கம்பெனி, மூன்று பெயர், ஒரே எஞ்சின்! மாருதிக்கு ஹரியானாவின் மானேசரில் தயாரானது. ஃபியட்டுக்கும் டாட்டாவுக்கும் நம் புனேயிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், அஷ்ட விநாயகர் தலமான ராஞ்சன்காவில் தயாரானது. மகாகணபதியைத் தரிசிக்கப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

ஆகவே பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் முன்னால் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யில் உள்ள சி.சி.யைப் பாருங்கள். 1405 என்றால் டாட்டாவின் சொந்த எஞ்சின். 936 என்றால் ஷெவர்லே பீட். 1248ல் ஒரு சிலிண்டரைக் குறைத்தது போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின். (நான்கில் மூன்று பங்கு, கணக்குச் சரியாக வரும்.) 1399 என்றால் பழைய ஃபோர்டு ஃபிகோ, 1461 என்றால் ரெனோ எஞ்சின், இவ்விரண்டுக்கும் டைமிங் பெல்ட். 793 என்றால் 2015ல் வந்த செலேரியோ டீசல், இரண்டே சிலிண்டர். பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் அடித்திருக்கும் நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம், மூக்குக் கண்ணாடி போதும்.

அடுத்தது ஓட்டம். எங்கள் ஷெட்டில் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின்கள் இருந்தன. பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத்திறன். டிரைவர் நாட்ச்சைச் சட்டென்று ஏற்றினால் கரும்புகை குபுகுபுவென்று வரும். காரணம், எண்ணெய் உடனே வந்துவிடும். டர்போ சுழன்று காற்றைத் தள்ளச் சற்று நேரம் பிடிக்கும். சின்னக் காரிலும் இதே கதைதான். 75 குதிரைத்திறன் கொண்ட 1248ல் முழு இழுவிசை கிடைப்பது நிமிடத்துக்கு 2000 சுற்று வாக்கில். அதற்குக் கீழே வண்டி மந்தமாக இருக்கும். அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல் பாயும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பிடிபடச் சில நாள் ஆகும். டர்போ இல்லாத முதல் இண்டிகா டீசலில் இந்தப் பாய்ச்சல் கிடையாது. மெதுவாக, ஆனால் ஒரே சீராகப் போகும்.

இது வெறும் ருசி பற்றிய பேச்சல்ல. ஒரு முறை கம்பாட்கி மலை ஏற்றத்தில் என் உறவினர் நான்காவது கியரிலேயே லாரியை முந்தப் பார்த்தார். வண்டி இழுக்கவில்லை. எதிர்பார்த்த பாய்ச்சல் வருவதற்குள் பின்னால் பஸ் நெருங்கிவிட்டது. பிள்ளைகள் பின் சீட்டில். மூன்றாவது கியருக்கு இறக்கிவிட்டு முந்தியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் இறங்குமுன், ஒரு ஞாயிறு காலையில் வெறும் ரோட்டில் உங்கள் வண்டி எந்தச் சுற்றில் விழித்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நெடுந்தூரம் ஓடி நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய்தான் உயிர். ஷெட்டில் நாங்கள் கற்றது அது.

கடைசியாக, யாருக்கு டீசல்? நம்மவர்கள் பலர் கோடை விடுமுறையில் சென்னைக்குப் போகும் 1,200 கிலோமீட்டரை மனத்தில் வைத்து டீசல் வாங்குகிறார்கள். மீதி நாளெல்லாம் வண்டி கட்கியிலிருந்து சிவாஜி நகர் வரை போய் வருகிறது. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கிறோம். கரி படிகிறது. வருடம் 5,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 90 ரூபாய், மைலேஜ் 15, 20 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் பதினோராயிரத்துக்கும் குறைவு. இன்ஜெக்டர், டர்போ என்று ஒரு தரம் கை வைத்தால் அந்த மிச்சம் போய்விடும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்தே பழைய கணக்கு செல்லாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு 1248 எஞ்சினும் நின்றுவிட்டது. இன்று கிடைப்பவை எல்லாம் பிறர் ஓட்டிக் கழித்தவைதான்.

ஆகவே என் கருத்து இது. மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர், வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய ரசீதுகளோடு கிடைக்கும் 1248ஐத் தாராளமாக வாங்கலாம். நல்ல எஞ்சின். காய்கறிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவருக்குப் பெட்ரோலே மேல். ஊருக்குப் போகத்தான் நம் ரயில் இருக்கிறதே!

அந்த இளைஞர் எட்டாயிரத்தில் ஒரு பங்கைச் செலவிட்டு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார். மீதி அம்மாவின் கண் வைத்தியத்துக்கு ஆயிற்று. வண்டி வாங்கும் யோசனை உள்ளவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. நகலோடு சங்கத்துக்கு வாருங்கள். பார்த்துச் சொல்கிறேன். காப்பி மட்டும் உங்கள் செலவு.