உலாவும் ஓட்டமும்

விடுமுறைக்காலம் அணுகியதும் நமது பாடசாலைகளிலே 'கல்விச் சுற்றுலா' என்றொரு பேச்சு எழும். பணம் சேர்ப்பார்கள், பஸ் வண்டி பேசுவார்கள், இடங்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டுவார்கள். அத்தகைய தாளொன்று அண்மையில் என் கைக்கு எட்டியது. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு ஒரு நாட் பயணம். நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குப் புறப்பாடு. கன்னியா வெந்நீரூற்று, கோட்டை, கோணேசர் கோயில், பத்திரகாளி அம்மன் கோயில், துறைமுகம், நிலாவெளி, புறாத்தீவு. மறுநாள் விடியுமுன் வீடு. ஏழு இடங்கள். கோணேசருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முப்பத்தைந்து நிமிடம்.

இதனை உலா என்று சொல்லுதல் தகுமா? உலாப் பிரபந்தங்களிலே தலைவன் வீதியில் மெல்ல வருகின்றான். பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிரும் அவனைக் கண்டு காமுறுகின்றனர். அவன் விரைந்து போயிருந்தால் பேதை ஒருத்தி கண்டிருப்பாள். பேரிளம்பெண் வாயிலுக்கு வருமுன்னே தெரு வெறிதாகியிருக்கும். புலவனுக்கும் பாட்டு மிஞ்சியிராது. விரைவின்மையே உலாவின் உயிர். நம்மவர் நடத்துவது ஓட்டம். ஓட்டத்துக்கு உலா என்று பெயரிட்டு வழங்குகின்றோம்.

பயணத்தைத் திட்டமிடுதல் என்பது எவ்வெவற்றைச் சேர்ப்பது என்று எண்ணுவதன்று. எவ்வெவற்றை விடுவது என்று துணிவதே என்பது என் கருத்து. அந்தத் தாளிலுள்ள ஏழில் நான்கை நான் தயங்காமல் வெட்டுவேன். கன்னியாவும் நிலாவெளியும் புறாத்தீவும் இன்னொரு முறைக்கு இருக்கட்டும். பத்திரகாளி அம்மனைப் போகிற வழியில் வணங்கிக்கொள்ளலாம். நகரமும் அதன் கரையும் ஒரு பகலுக்குப் போதும். போதும் என்பதென்ன, மிகும்.

திருகோணமலை நகரின் இருக்கை வேறெங்கும் எளிதிற் கிடையாதது. கிழக்கே திறந்த பெருங்கடல். மேற்கே மலைகள் சூழ்ந்த உட்துறைமுகம். இடையிலே ஒடுங்கிய நிலத்தில் நகரம். ஒரு நீரிலிருந்து மற்றை நீருக்குக் கால்நடையாகவே சென்றுவிடலாம். இதனைத் தமிழ் படிக்கும் மாணவர்க்கு நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்று தொல்காப்பியம் படித்த பிள்ளைகள் அனைவரும் ஒப்புவிப்பர். எல் என்பது கதிரவன். பாடு என்பது படுதல். ஆகவே கதிரவன் சாயும் பொழுது என உரைகாரர் கொண்டனர். படுதலுக்குத் தோன்றுதல் என்னும் பொருளும் உண்மையின், கதிர் எழும் பொழுதென்று கொண்டாரும் உளர். இவ்விரு பொருளையும் வகுப்பறையில் வைத்து வாதிக்கலாம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறலாம். ஆனால் கிழக்குக் கரையிலே கதிரவன் கடலிலிருந்து எழக் கண்டு, அன்று மாலையே மேற்கு நீரின் அப்பால் மலைகளின் பின்னே அவன் இறங்கக் கண்டவனுக்கு, நெய்தலின் உரிப்பொருள் ஏன் இரங்கலாயிற்று என்பதை ஆசிரியர் விரித்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கடல் புதிதோ என்று கேட்பீர்கள். புதிதன்று. பொழுது சாயுமட்டும் கடலைப் பார்த்திருக்க அவனை யாரும் விட்டதில்லை என்பதே குறை.

காலம் ஆடி ஆவணியாக இருத்தல் நன்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வறண்டு வெம்மையுற்றுக் கிழக்கே இறங்குகின்றது. கீழ்க்கரையார் அதனைக் கச்சான் என்பர். நிலத்திலிருந்து வீசுதலால் அக்காலத்தில் அப்பக்கத்துக் கடல் அமைதியாகக் கிடக்கும். வெம்மை கடுமையானது. ஆதலால் நண்பகலில் நடக்க எண்ணுதல் பேதைமை. முதல் நாள் மாலையே சென்று, ஒரு மடத்திலோ பாடசாலை மண்டபத்திலோ தங்கிவிட வேண்டும்.

விடியுமுன் கரையில் இருத்தல் முதற் காரியம். கரைவலை இழுப்பவர்களைக் கண்டால் அங்கேயே நின்றுவிடலாம். வலை நெருங்க நெருங்கக் கயிற்றிற் பிடித்தவர்களின் நடை மாறுவதையும், சம்மாட்டியின் குரல் உயர்வதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். அம்பாப் பாட்டு என்று நூலிற் படிப்பது இந்தக் கயிற்றிலே பிறந்தது.

வெயில் ஏறுமுன் கோட்டைக்குட் புகலாம். போர்த்துக்கேயர் 1624 இல் கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டே அதனைக் கட்டினர். 1639 இல் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. இன்றும் அதனுள்ளே இராணுவத்தினர் உறைகின்றனர். வாயிற்கல்லிலே இரட்டைக் கயலும், சிதைந்த தமிழெழுத்துக்களும் உள்ளன. பஸ் வண்டி அவ்வாயிலினூடே விரைந்து போய்விடுகின்றது. அங்கே இறங்கி, எழுத்துக் கூட்டிப் பார்க்கப் பிள்ளைகளை விடவேண்டும். எந்த எழுத்து நின்றது, எது அழிந்தது, அழிந்ததை நிரப்பி ஊரார் என்ன சொல்கின்றனர் என்பனவெல்லாம் அங்கே பேசத்தக்கவை. சாசனவியலுக்கு அதனினும் நல்ல முதற்பாடம் எனக்குத் தெரியாது.

கோயிலுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது. திருஞானசம்பந்தர் இராமேச்சரத்தில் இருந்துகொண்டே கோணமாமலையைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்லும். வாராமலே கண்டவர் அவர். வந்தும் காணாமற் போகின்றவர்கள் நாம். அப்பதிகத்தை அங்கே இருந்து ஒருமுறை நிறுத்திப் பாடட்டும். பின்பு மலைவிளிம்பிலே நின்று கீழே நோக்கட்டும். 1950 இல் நிலத்தினடியிலிருந்து திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளாக்கும் அந்நீரின் அடியிலே பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டனர்; 1963 இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. தூண்கள் நீருள் கிடக்கின்றன என்று அறிந்து கடலைப் பார்ப்பதும், அறியாது பார்ப்பதும் ஒன்றல்ல.

நண்பகலில் ஒன்றும் வேண்டாம். மரநிழலிலே கட்டுச்சோற்றை உண்டு படுத்திருக்கட்டும். ஆசிரியர் சிலர் இதனைக் கேட்டாற் பதறுவர். நேரத்தை வீணாக்குவதற்கா பணம் கட்டினோம் என்பர். புள்ளிமான்கள் பக்கத்தில் வந்து நிற்கும். அவை பொலித்தீன் பைகளைத் தின்பதைக் கண்ட பிள்ளை, தன் சோற்றுப்பொதியைச் சுற்றிவந்த தாளைத் தானே மடித்து வைத்துக்கொள்வான். (நான் கண்டிருக்கின்றேன்.)

வெயில் சாயத் தொடங்கியதும், மைதானத்தின் பக்கத்திலுள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின், கடற்படைத் தளபதியாகப் பர்மாவுக்குப் போய் 1852 இல் நோயுற்று இறந்து, அங்கே அடங்கியிருக்கின்றார். இதனை நான் சொன்னபோது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, அவவின்ர தம்பி எங்கட ஊர் மண்ணிலயோ!" என்று வியந்தாள். பிற்பாடு அவள் ஜேன் ஒஸ்ரினின் நாவல் இரண்டைப் படித்து முடித்தாள் என்று கேள்வி.

மாலை, உட்துறைமுகக் கரை. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும், 1957 இல் ஆங்கிலக் கடற்படை விடைபெற்றதும் இங்கேதான். துறையின் பெரும்பகுதி கடற்படைத் தளத்துள் அடங்கியிருத்தலால் எஞ்சிய கரை குறுகியதே. ஆயினும் வரிசையாக அமர இடமுண்டு. ஆசிரியர்கள் அப்பொழுது வாய் திறவாதிருத்தல் உத்தமம்.

பெற்றோர் ஓரிரவு தங்கச் சம்மதியார், செலவும் கூடும் என்று என்னிடம் ஓர் அதிபர் சொன்னார். கணக்குப் பார்த்தோம். தீவுக்குப் போகும் படகுக் கூலியும், இடத்துக்கிடம் ஓடும் டீசலும் மிஞ்சுகின்றபடியால் இரவுச் சாப்பாட்டுக்குக் கட்டிவிடலாம். பெண்பிள்ளைகளுக்குத் துணையாக ஆசிரியைகள் மூவர் வந்தாற் பெற்றோர் மறுக்கமாட்டார்கள். பஸ் வண்டி இரவு ஏழு மணிக்குப் புறப்பட்டாற் போதும். பகலெல்லாம் அது நிழலில் நின்றிருக்கும். சாரதியும் நன்றாக உறங்கி எழுந்திருப்பார்.